ஒரே தடத்தில் மூன்று பேர்

1

என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு கடதாசி தந்தாள். வாழ்த்து மடல் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே இதைக் குட்ஷைன் என்பார்கள். இந்தக் கடதாசியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதில் எழுதியிருப்பது கிடைக்கும். எங்கள் ஆட்கள் சேலை தர நினைத்தால் சேலையைத் தருவார்கள், சங்கிலி என்றால் சங்கிலி. இந்த நாட்டில் அன்பையும் கடதாசியில் எழுதித் தந்து, முன்கூட்டியே நாளும் நேரமும் குறித்து, அதாவது டெர்மின் எடுத்து, வந்து வாங்கிக்கொள் என்கிறார்கள். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஹார்ஸ் மலைத் தேசியப் பூங்காவில் பனிக்கால வனவிலங்கு நடை, வழிகாட்டியுடன், ஒருவருக்கு என்று இருந்தது.

அந்த வழிகாட்டி என் மகள் ஆரணிதான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். இங்கே எங்கள் ஆட்களின் பிள்ளைகள் டொக்டர், எஞ்சினியர், அதுவும் இல்லாவிட்டால் ஒரு வங்கியில் வேலை பழகிக்கொண்டே படிப்பு என்று ஒழுங்காக ஒரு வழியில் போவார்கள். ஆரணி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்டைப் பற்றிப் படித்தாள். கலியாண வீடுகளில் பிள்ளை என்ன செய்கிறாள் என்று கேட்பார்கள். காட்டில் வேலை என்பேன். கேட்டவரின் முகம் உடனே இரக்கமாகிவிடும். ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதே, வேறு ஏதாவது கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னார். மரம் வெட்டுகிறாள் என்று நினைத்திருக்கிறார்.

ஆரணி மலையடிவாரத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். நாங்கள் ஹனோவரில். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவோம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். சாப்பாடு, குளிர், அப்பாவின் முழங்கால் என்று மூன்று விஷயத்தைத் தாண்டிப் பேச்சு போவது குறைவு. வைத்த பிறகு கொஞ்ச நேரம் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருப்பேன். பழகிவிட்டது என்று ஊருக்கு எழுதுவேன். பழகவில்லை.

குட்ஷைனைத் தந்த அன்றுதான் மற்றதையும் சொன்னாள். நோர்வேயின் வட கோடியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே சூரியனே எழும்பாதாம். இன்னும் பதில் எழுதவில்லை என்றாள். நான் அப்போதே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அந்த மலைக்குப் போய், அவள் முகத்தைப் பார்த்து, போகாதே என்று சொல்லிவிட வேண்டும். மிருகங்களோடுதான் வேலை செய்ய வேண்டும் என்றால் ஹனோவரிலும் மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது.

இவருக்கு முழங்கால் சரியில்லை, வரவில்லை. “பனிக்குள்ளை போய்ப் பூனை பாக்க உமக்கென்ன விசரே?” என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன்னுடைய தடித்த காலுறையைத் தேடி எடுத்து என் பைக்குள் வைத்தார்.

கடதாசியைக் காட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். அது எப்படிப் போதும்? இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்விக்கு மட்டும் அர்த்தம் தெரியவில்லை. அகராதியில் பார்த்தால், அடி பிசகாமல் நடக்கக்கூடியவரா என்று கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. வதிவிட உரிமைக்கு அன்ட்ராக் என்று எத்தனை விண்ணப்பம் எழுதியிருப்பேன், எந்த அரசாங்கக் கந்தோரிலும் இப்படி நேருக்கு நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன்.

2

ஹனோவரில் இருந்து மலையடிவாரத்துக்கு ரயில். யன்னலுக்கு வெளியே வயலெல்லாம் சாம்பல் நிறமாக ஈரமாகக் கிடந்தது. போகாதே என்பதை எந்த இடத்தில், எந்த மொழியில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். அப்போது இந்த நீங்கள் விவகாரம் ஞாபகம் வந்தது. அதை எழுதாமல் மேலே போக முடியாது.

என் தாய்வீட்டில் பிள்ளைகளை நீங்கள் என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் எல்லா வீடும் அப்படியில்லை, எங்கள் வீடு அப்படி. பால் குடிக்கிற பிள்ளையைப் பார்த்தும் வாங்கோ, குடியுங்கோ, படுங்கோ என்பார்கள். அதில் மரியாதை இல்லை, செல்லம்தான் இருக்கிறது. நீ என்ற சொல் வந்தால் பின்னாலேயே பூவரசங் கம்பும் வருகிறது என்று அர்த்தம். கணவன் மனைவிக்கு என்று நடுவில் நீர் என்றும் ஒரு சொல் இருக்கிறது. ஜேர்மன்காரரிடம் இரண்டே இரண்டுதான். நெருக்கமானவருக்கு டூ, மற்றவருக்கு ஸீ. கடையில், கந்தோரில், பொலிஸில் ஸீ. வீட்டு வாசலைத் தாண்டி அந்த ஸீ உள்ளே வராது.

ஆரணி இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். அதற்கும் டெர்மின். வீட்டில் எப்படிப் பேசுவீர்கள் என்று வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். என் மகள் நீங்கள் என்பதைச் சுத்தமாக மொழிபெயர்த்து, அம்மா என்னை ஸீ என்றுதான் சொல்லுவா என்றிருக்கிறாள். ஆசிரியைக்குக் கவலை வந்துவிட்டது. பெற்ற பிள்ளையிடம் கந்தோரில் பேசுகிற மாதிரிப் பேசுகிற தாய். வீட்டில் பிள்ளையைக் கட்டி அணைப்பதுண்டா என்று என்னிடம் மிகப் பக்குவமாகக் கேட்டார். என்னை ஸீ என்று சொல்லித்தான் கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த ஜேர்மனில் செல்லத்தை எப்படி விளங்கப்படுத்துவது? ரெஸ்பெக்ட், ரெஸ்பெக்ட் என்றேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆரணி அழுதாள். வகுப்பில் அவளுக்குப் பெரிய மனுசி என்று பட்டம் வைத்துப் பகிடி பண்ணியிருக்கிறார்கள். “இனி என்னை டூ எண்டு சொல்லுங்கோ,” என்றாள். தமிழில் டூ என்றால் நீ. பிள்ளை கேட்டதை நான் கொடுத்தேன். என் நாக்குக்கு அது லேசில் வசப்படவில்லை. நீ சாப்பிடு என்று சொல்லும்போதெல்லாம் ஏசுகிற மாதிரியே இருந்தது. பிறகு அவளும் கொஞ்சம் கொஞ்சமாக ஜேர்மனுக்கு மாறினாள். ஜேர்மனில் தாயும் டூ தான். அன்று தொடக்கம் தாயும் மகளும் ஆளையாள் நீ என்றபடி இருக்கிறோம். எந்த ஆசிரியையும் அதற்காக எங்களைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். பல்லில்லாதவர்களுக்குக் கரட்டும் உருளைக்கிழங்கும் அவித்து மசிப்பது என் பொறுப்பு. வீட்டில் சொல்ல ஆளில்லாமல் போன அந்த ங்கோவை அங்கே சட்டி பானைகளுக்குச் சொல்லித் தீர்க்கிறேன். பொங்காதேங்கோ, கொஞ்சம் பொறுங்கோ என்று பால்சட்டியோடு பேசுவேன். கூட வேலை செய்கிற போலந்துக்காரி நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

3

அடிவாரத்தில் மழை. பஸ் மேலே ஏற ஏற அதுவே பனியாகிவிட்டது. இறங்கிய இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோரும் நல்ல சப்பாத்தும் தடியுமாக ஆயத்தமாக நின்ற ஓய்வூதியக்காரர். நான் முதியோர் இல்லத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டோடு நின்றேன்.

ஆரணி பச்சைச் சீருடையில் வந்தாள். என்னைக் கண்டதும் கண்ணால் சிரித்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, வேலை நேரம். எங்கே நடக்க வேண்டும், எங்கே பேசக்கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். ஸீ என்றுதான் சொன்னாள், எனக்கும் சேர்த்து. பல வருடங்களுக்குப் பிறகு மகளின் வாயால் எனக்கு ஒரு நீங்கள் கிடைத்தது, கோயில் அன்னதானத்தில் வரிசையில் நின்று வாங்கியது போல.

காடு என்றால் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் மலைச்சரிவு முழுவதும் செத்த மரங்கள். வண்டு பட்டைக்குள் புகுந்து தின்று, இலையும் போய்ப் பட்டையும் போய், சாம்பல் நிறத் தண்டுகள் மட்டும் பனிக்குள் நின்றன. ஷெல்லடியில் தலை போன பனைகள் இப்படித்தான் நின்றன. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று பஸ் யன்னலால் கடைசியாகப் பார்த்ததும் அவற்றைத்தான். வடலியும் குருவியுமாக இருந்த ஊரை அப்படிப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, இன்றைக்கு மகள் வேலை செய்கிற இடமும் அதே மாதிரித் தெரிந்தது. இந்தப் பிள்ளைக்கு வேறு காடு கிடைக்கவில்லையா என்று இருந்தது.

இதையெல்லாம் ஏன் வெட்டி அப்புறப்படுத்தவில்லை என்று ஒருவர் கேட்டார். வெட்டமாட்டோம் என்றாள் ஆரணி. செத்த மரத்தில்தான் மரங்கொத்தி வீடு வைக்கும், அது விழுந்து உக்கித்தான் மண்ணாகும் என்றாள். குந்தியிருந்து பனியைக் கையால் தட்டிவிட்டாள். விரல் தடிப்பில் ஒரு கன்று நின்றது. யாரும் நடவில்லை, தானாக வந்தது என்றாள். அந்தக் கன்றைத் தொட்ட விதத்தைப் பார்த்தேன். மகள் வேலை செய்வதை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை.

எனக்குப் பக்கத்தில் நடந்தவர் கிளாஸன் என்ற வயதான பெண். கணவர் போன பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் தனியாக வருகிறாராம். இரவல் வாங்கிய என் தடியை வாங்கி, உயரத்தைச் சரிசெய்து தந்தார். வழிகாட்டிப் பெண் நல்ல கெட்டிக்காரி என்றார். என் மகள் என்றேன். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியானால் உங்கள் கோட்டைப் பற்றி அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்றார். இந்த நாட்டில் அக்கறை இப்படித்தான் வரும்.

ஓரிடத்தில் பாதி உறைந்த ஓடை. அதற்குள் ஒரு சின்னக் குருவி முங்கி முங்கி எழும்பியது. எனக்குப் பார்க்கவே நடுங்கியது. குளிர்காலத்திலும் இது இந்த இடத்தை விட்டுப் போகாது என்றாள் ஆரணி. நல்ல குருவி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். போகாதே என்று சொல்ல இது தோதான நேரம் போலத் தெரிந்தது. ஆனால் அவளைச் சுற்றி எந்நேரமும் ஆட்கள்.

4

நாங்கள் தேடி வந்தது லூக்ஸ். பெரிய காட்டுப்பூனை. நாயின் உயரம், கட்டை வால், காது நுனியில் கறுப்பு மயிர்க்குஞ்சம். ஒரு காலத்தில் சுட்டே இல்லாமல் பண்ணிவிட்டு, பிறகு கொண்டுவந்து விட்டார்களாம். நேரில் காண்பது அபூர்வம் என்று ஆரணி முதலே சொல்லிவிட்டாள்.

தடத்தைக் கண்டோம். பாதைக்குக் குறுக்காக, பனியில் வட்டம் வட்டமாக ஒரே கோட்டில் போயிருந்தது. ஆரணி முழங்காலில் நின்று பார்த்துவிட்டு, எத்தனை லூக்ஸ் போயிருக்கின்றன என்று கேட்டாள். ஒன்று என்றோம் எல்லோரும். பாதை ஓரமாகவே கொஞ்சத் தூரம் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மரம் விழுந்து கிடந்தது. அந்த இடத்தில் தடம் மூன்றாகப் பிரிந்தது. ஒன்று மரத்துக்கு மேலால், ஒன்று கீழால், ஒன்று சுற்றிக்கொண்டு. அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஒன்றாகிவிட்டது. தாயும் இரண்டு குட்டிகளும் என்றாள். ஆழமான பனியில் குட்டிகள் தாய் வைத்த அடிக்குள்ளேயே அடி வைக்கும், களைப்புக் குறைவு.

இவ்வளவு பிசகாமல் எப்படி வைக்க முடியும் என்று கிளாஸன் வியந்தார். நானும் அப்படி நடந்திருக்கிறேன் என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த வழியில், கிழக்கே ஓர் எல்லைக் காடு. எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் நடுவில் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. பொழுது படுகிற நேரம். முன்னால் போகிறவனின் அடியிலேயே பின்னால் வருகிறவர் அடி வைக்க வேண்டும், காவல்காரர் பார்த்தால் ஒருவர் போனதாகத்தான் தெரிய வேண்டும் என்று கூட்டிவந்தவன் சொன்னான். அவனுக்குப் பின்னால் இவர், இவருக்குப் பின்னால் நான். நான் பனியைக் கண்டது அதுதான் முதல் தடவை. காலில் கொழும்பில் வாங்கிய கன்வாஸ் சப்பாத்து. இவருக்கு நீண்ட கால். எனக்கு எட்டாது என்று இவர் அந்தக் காடு முழுவதும் சின்னச் சின்ன அடியாக வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு நான் அடிக்கடி சத்தி எடுத்தேன். பயணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். ஆரணி என்று பிறகுதான் தெரிந்தது.

இவ்வளவையும் நான் அங்கே சொல்லவில்லை. எல்லை, பனி, முன்னால் கணவர், பின்னால் நான் என்று சொல்லிவிட்டு, வயிற்றைத் தொட்டு, உள்ளே இவள் என்று ஆரணியைக் காட்டினேன். வினைச்சொல் எல்லாம் பிழையான இடத்தில் விழுந்திருக்கும். ஒருவரும் திருத்தவில்லை.

ஆரணிக்கும் இது புதுக் கதை. மறைத்து வைத்தது இல்லை. சாப்பாடு, குளிர், முழங்கால் என்று பேசுகிற ஞாயிற்றுக்கிழமையில் இதை எந்த இடத்தில் சொல்வது? அவள் பனியில் முழங்காலில் நின்றபடியே என்னைப் பார்த்தாள்.

யாரோ, இந்தக் குட்டிகள் எவ்வளவு காலம் தாயோடு இருக்கும் என்று கேட்டார். அவள் எழும்பிப் பனியைத் தட்டிக்கொண்டு பதில் சொன்னாள். இந்தக் குளிர்காலத்தோடு சரி. குட்டிகளைக் கூப்பிடத் தாய்க்கு என்று மெல்லிய ஒரு குரல் இருக்கிறது. ஒரு நாள் அது அந்தக் குரலில் கூப்பிடுவதை விட்டுவிடும். குட்டிகள் கொஞ்ச நாள் அந்தப் பக்கமாகவே திரிந்துவிட்டுப் போய்விடும். அவளுடைய குரல் சற்றே கம்மியிருந்தது. குளிருக்காக்கும் என்று நினைத்தேன்.

5

ஒரு மரக்குடிலில் தேநீருக்கு நின்றோம். விடிய எழும்பிப் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸை வெளியே எடுத்தேன். இறைச்சிக்கறி வாசம் எழும்பியதும் குடில் முழுவதும் என் பக்கம் திரும்பியது. முதலில் கிளாஸனுக்கு நீட்டினேன். களைப்பில் ஜேர்மன் வரவில்லை, சமையலறைப் பழக்கத்தில் “இந்தாங்கோ” என்றேன். நீட்டிய ரோல்ஸுக்கு மொழிபெயர்ப்பு என்னத்துக்கு, எடுத்துக்கொண்டார். அடுத்ததை ஆரணிக்கு நீட்டி “இந்தா” என்றேன்.

அவள் எடுக்கவில்லை.

“அவவுக்கு இந்தாங்கோ. எனக்கு இந்தா,” என்றாள்.

தமிழில் சொன்னாள். எனக்கு அதுவே போதும் போல இருந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. பழக்கம் விட்டுப்போன ஆளைப் போல ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

“ஏன் அம்மா என்னை நீங்கள் எண்டு சொல்லுறதை விட்டனீங்கள்?”

“நீதானே கேட்டனி,” என்றேன். இரண்டாம் வகுப்பு, ஆசிரியை, பெரிய மனுசிப் பட்டம், அவள் அழுதது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

“எனக்கு அதொண்டும் ஞாபகம் இல்லை. ஒரு நாள் நீங்கள் நீ எண்டு தொடங்கினது மட்டும்தான் ஞாபகம். நான் ஏதோ பெரிய பிழை செய்துபோட்டன் எண்டு நினைச்சன். என்ன பிழை எண்டு கேக்கப் பயமா இருந்தது.”

பிள்ளை கேட்டதைக் கொடுத்தேன் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தன்னிடம் இருந்த ஒன்றை அம்மா திருப்பி எடுத்துவிட்டா என்று அவள் நினைத்திருந்தாள். ஒரு வீட்டுக்குள், ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு. ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். என் கையில் இருந்த ரோல்ஸை வாங்கிக் கடித்துக்கொண்டு போனாள்.

இறங்கும்போது அவள் எனக்கு நேர் முன்னால் நடந்தாள். பின்னேரப் பனி கனமாக விழுந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தகப்பனின் கால், நீண்ட கால். ஆனால் பனியில் கிடந்த அடிகள் நெருக்கமாக இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. எனக்கு எட்ட வேண்டும் என்று சின்னச் சின்ன அடியாக வைத்துக்கொண்டு போகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவள் வைத்த அடிக்குள் அடி வைத்து நடந்தேன். கண் கலங்கிக்கொண்டே இருந்தது. பிசகி விழாமல் வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

போகாதே என்ற சொல்லை ஹனோவரில் இருந்து கவனமாகக் கொண்டுவந்திருந்தேன். அதைச் சொல்லிப் பார்த்தேன், உதட்டுக்குள். அதற்குள்ளும் நீதான் இருந்தது.

இறங்கி வந்த இடத்தில் பஸ் காத்து நின்றது. மற்றவர்கள் கைகொடுத்துவிட்டுத் தங்கள் கார்களுக்குப் போனார்கள். கிளாஸன் என்னிடம் ரோல்ஸ் செய்முறை கேட்டு, நான் சொல்வதை எழுதிக்கொண்டு போனார். நான் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் இருந்தேன். ஆரணி கதவடியில் நின்றாள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தாள். ஏதாவது கேட்கப் பயந்தால் சின்ன வயதிலும் அப்படித்தான்.

“நோர்வேக்குப் பதில் எழுதவேணும், அம்மா. நான் போறன் எண்டு எழுதட்டோ?”

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அவள் என் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த நேரம் இம்மியும் குறையவில்லை. இதை எழுதும்போதும் குறையவில்லை. வேண்டாம் என்று நான் சொன்னால் அவள் நின்றிருப்பாள், அதுவும் எனக்குத் தெரியும்.

“போறன் எண்டு எழுதாதேங்கோ, பிள்ளை,” என்றேன். “போட்டு வாறன் எண்டு எழுதுங்கோ.”

போய்விட்டு வருகிறேன் என்பதை நோர்வேக்காரருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அவள் பஸ் படியில் ஏறி, சீருடையும் பனியுமாக என் மடியில் முகத்தை வைத்தாள். சாரதி பின்னால் பார்க்கிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கதவை மூடாமல் வைத்திருந்தார்.

“ஓம், அம்மா,” என்றாள். “போட்டு வாறன்.”